குழாய்த் தண்ணீரில் ஊறிய சவ்வு

எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே பகுதிநேர முனைவர் பட்டத்துக்காக ஒரு சவ்வு செய்துகொண்டிருந்தேன். பாலிஸ்டைரீனில் அமிலத் தொகுதிகளைப் பிணைத்து, கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உரித்தால் மெல்லிய தாள் வரும். ஈரமாக இருக்கும்வரை அந்த அமிலத் தொகுதிகளின் வழியே புரோட்டான்கள் கடந்துபோகும். காய்ந்தால் அப்பளம்போல் நொறுங்கும். "அதுக்கு அப்பளமே போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் இண்டூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். நான்கு ஆண்டுகளாகத் தினக்கூலி. அந்தக் கோடையில்தான் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மெல்ல நகர ஆரம்பித்திருந்தது.

தேர்வுப் பணிக்காக ஒரு வாரம் சேலம் கிளம்பியபோது, "தட்டுல தண்ணி வத்தாம பாத்துக்கம்மா, வத்துனா ஒடஞ்சிரும்" என்று மட்டும் சொன்னேன். மின்வெட்டில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்க முடியாமல் வாலைவடிநீர் தீர்ந்துபோனது. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதிலிருந்த கால்சியம் புரோட்டான்களை எழுப்பிவிட்டு, அவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது; சிலர் அலுவலக நாற்காலியில் உட்கார்வதுபோல, எழும் உத்தேசமே இல்லாமல். நான் திரும்பி வந்து அளந்தபோது கடத்துதிறன் படுத்திருந்தது.

"எதம்மா ஊத்துன?"

"பைப் தண்ணிதாங்க சார். ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசைக்குக்கூடப் போகாம வந்து ஊத்துனனுங்க."

மூன்று நாளில் என் வழிகாட்டி முன்னேற்றத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். உரிய வழியாகக் கல்லூரி முதல்வருக்கு அறிக்கை எழுதினேன்: நாள், சேதம், பொறுப்பாளர். வாலைவடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கோப்பு நின்றது. அவரை வரவேண்டாம் என்றார்கள்.

கோபம் தணிந்த பிறகுதான் அந்தச் சவ்வை நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு பகல் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தேன். கடத்துதிறன் திரும்பிவிட்டது. அது பாடப்புத்தக முறைதான். நானே வருடா வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

முதல்வருக்கு இன்னொரு கடிதம் எழுதிவிட்டு இண்டூர் போனேன். யாருடைய காட்டிலோ தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாளு தேறிருச்சுங்களா சார்?"

"தேறிருச்சும்மா. ஆசிட்ல ஊறப்போட்டேன்."

"அப்ப என்னைய மறுபடி கூப்புடுவாங்களா?"

"லெட்டர் எழுதியிருக்கேன்."

அடுத்த வரிசையில் குனிந்திருந்த அவருடைய கணவர் நிமிரவில்லை. "மொதல்லயும் நீங்கதானுங்களே எழுதுனீங்க" என்றார்.

பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவரைச் சேர்க்கலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருந்தேன். தினக்கூலிகளைச் சேர்க்கும் வழக்கமில்லை என்றார். நான் வழக்கத்தை மீறவில்லை.