சிவப்பு வராத கம்பி

புளித்த கஞ்சியும் எலி மூத்திரமும் வெற்றிலை எச்சிலும் ஒன்றாகக் கலந்தால் ஒரு நாற்றம் வரும். அதை முகர்ந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் முகர்ந்திருக்கிறேன், அதுவும் ஒரு கம்ப்யூட்டர் கம்பியில். அந்த வருஷத்து ஐப்பசியை நினைத்தால் மழைக்கு முன்னால் அந்த நாற்றம்தான் மூக்கில் ஏறுகிறது.

அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, தவளை மிதந்து, தறி நின்றுபோயிருந்தது. தறிக்கு எதிர்ச் சுவரோரம் அண்ணனின் கம்ப்யூட்டர் இருந்தது. புடவைக்கு 'டிசைன்' போடுவதற்காக யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தான். பின்பக்கம் பானை வயிறாகப் பெருத்த பழைய மானிட்டர். படம் வரும் கம்பி அதன் முதுகோடு ஒட்டியே பிறந்தது, கழற்றி வேறு மாட்ட வழியில்லை. அந்தக் கம்பியைத்தான் எலி கடித்தது. கடித்தது என்பது மரியாதையான பேச்சு. கடித்து, அதன்மேலேயே மூத்திரம் பெய்து, பக்கத்தில் புழுக்கையும் போட்டுவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் திரையில் சிவப்பு வரவில்லை. பச்சையும் நீலமும் வந்தன, சிவப்பு மட்டும் அடியோடு போய்விட்டது. அக்காவின் முகூர்த்தப் புடவைக்கு அண்ணன் போட்டு வைத்திருந்த அரக்குச் சிவப்பு, கரிச்சட்டியின் அடி மாதிரி கறுப்பாகத் தெரிந்தது. ஜரிகை, பாசி பிடித்த குளத்துப் படி போலப் பச்சையாக இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் முகூர்த்தப் புடவை அவள் வீட்டுத் தறியிலேயே ஓடும், ஆனால் நிறத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாள் மறுநாள் காலை வருவதாக இருந்தது. கம்ப்யூட்டரிலேயே புடவையைக் காட்டுகிறேன் என்று அண்ணன் பெருமையடித்து வைத்திருந்தான். சாயம் போட்ட பட்டைக் காட்டலாமென்றால் மழையில் ஒரு நூல் கண்டுகூடக் காயவில்லை. அவளோ பூனை குறுக்கே போனதற்காகத் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவள். கல்யாணப் புடவையைக் கறுப்பாகப் பார்த்தால் சம்பந்தமே முறிந்துவிடும்.

அறுந்த கம்பியைப் பற்றவைத்துத் தருகிற ரேடியோ கடைக்குள் தண்ணீர் புகுந்து பூட்டிக் கிடந்தது. "ஆயிரமாயிரம் இழைய பிணைக்கிற கைடா இது. ஒரு இழைக்குப் போயி கடைகடையா அலைவியா?" என்று நைனா கம்பியை வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எலி வாய் வைத்த இடத்திலேயே தம் வாயை வைத்து, வெற்றிலைக் காவி படிந்த பல்லால் ரப்பரை உரித்துத் துப்பினார். உள்ளே மயிர் போன்ற சிவப்புக் கம்பி அறுந்திருந்தது. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கிற மாதிரியே விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு. அத்தோடு விட்டிருந்தால் தேவலை. முறுக்கு நிற்க வேண்டும் என்று பாவுக்குப் போடுகிற கஞ்சியை எடுத்து அதன்மேல் தடவி, கழிவுப் பட்டு நூலால் வரிந்து கட்டினார். திரையில் சிவப்பு வந்தது. "பாத்தியா?" என்று அண்ணனைப் பார்த்து மீசையைத் தடவினார், மீசையிலும் கஞ்சி.

விடிந்தபோது அந்தக் கஞ்சி புளித்துப் பொங்கியிருந்தது. கட்டு முழுக்கக் கரப்பான் மொய்த்தது. துரத்தினால் மானிட்டரின் காற்றுத் துளைக்குள் ஓடி ஒளிந்து, மீசையை மட்டும் வெளியே நீட்டின. சிவப்பு வருவதும் போவதுமாக இருந்தது. கட்டை ஒரு பக்கமாக மடித்து அழுத்திப் பிடித்தால்தான் நின்றது. பிடிக்க ஆள் வேண்டும். விருந்தாளி வந்தால் உள்ளே ஓடி ஒளிகிறவள் என்று தெருவுக்கே தெரிந்தவள் நான். என்னை யாரும் தேட மாட்டார்கள் என்பதால், மேசைக்கு அடியில் என்னை உட்கார வைத்து, முன்னால் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டார்கள்.

அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தாள். வேட்டிக்கு அடியில் அவள் மெட்டி விரல்கள் மட்டும் தெரிந்தன. "இன்னாபா நாத்தம் இது? எலி எதுனா செத்துக்கினு கெடக்குதா?" என்றாள். "மழை பாரும்மா, கஞ்சித் தொட்டி புளிச்சிருக்குது" என்றார் நைனா. அப்போது என் வலது கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு கரப்பான் இறங்கி, மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைக் கைக்குள் ஏறியது. அதன் கால்களில் ஒட்டியிருந்த கஞ்சியின் ஈரம் தோலில் தெரிந்தது. விட்டால் அக்காவின் புடவை கறுப்பாகிவிடும். நான் விடவில்லை. அவள் கரையைக் கேட்டாள், முந்தானையைக் கேட்டாள், காப்பி கேட்டாள், ஆற்றிக் குடித்தாள். கரப்பான் அக்குள் வழியாக முதுகுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில், "அரக்கு நல்லா மங்களமா இருக்குதுபா, தறியில ஏத்திடுங்க" என்று எழுந்தாள்.

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் கையை விட்டேன், அங்கேயே வாந்தியெடுத்தேன். அக்காதான் என்னை வெளியே இழுத்து, வெறுங்கையால் கரப்பானை எடுத்து எறிந்து, என் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தேய்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "வுட்டிருக்கக் கூடாதாடி? நெறத்துக்குப் பயந்து சாவுற வூட்ல நான் போயி குடும்பம் பண்ணணும்."

எத்தனை தேய்த்தும் நாற்றம் போகவில்லை. கல்யாணத்தன்று, அரக்குப் புடவையில் அக்கா மணையில் உட்கார்ந்திருந்தபோது, பந்தியில் வைத்த சோற்றை நான் இடது கையால் தின்று அடி வாங்கினேன்.

அக்கா வாழப்போன அந்த வீட்டுக்குள் கறுப்புக் குடைகூட நுழைந்ததில்லை. மழை நாளில் என் வீட்டுக்கு வந்தால், வழியில் வாங்கிய குடையை இங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டே திரும்புவாள் அக்கா. அப்படி மூன்று குடைகள் என் பரணில் சேர்ந்தன.

போன மாதம் என் மகனின் கம்ப்யூட்டர் திரை மினுக்கியது. அவன் கம்பியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான். போனில் சொன்னான், மறுநாள் வாசலில் புதுசு. யாரும் பல்லால் உரிக்கவில்லை, கஞ்சி தடவவில்லை. முனையில் இரண்டு திருகாணி வைத்த அந்தக் கொழுத்த கம்பி இப்போது எந்தக் கடையிலும் கண்ணில் படுவதில்லை. அது தொலைந்ததற்கு எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அவன் கம்பியைப் பிடுங்கிப் போட்ட அன்று அக்கா வந்திருந்தாள். மாமியாருக்கு வருஷத் திதி முடிந்த மறுவாரமே வாங்கிய கறுப்புப் புடவையைக் கட்டியிருந்தாள். குப்பையிலிருந்து கம்பியை இரண்டு விரலால் எடுத்து முகர்ந்து பார்த்து, "ஒரு நாத்தமும் இல்லடி" என்று என்னிடம் நீட்டினாள். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.