ஒன்றாம் நம்பர் கூண்டும் ஒரு ஞானஸ்நானப் படமும்

கம்ப்யூட்டர் வேலையை நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை; கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டதுதான். தூத்துக்குடியில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் மிஷினுக்கு என்ன என்று சொல்வதற்கு முன்னால் வீட்டில் என்ன என்று சொல்வார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

பழைய துறைமுகத்துப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அக்கா மட்டும் ஒருநாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, ஒரு பிள்ளையோட ஞானஸ்நானப் படத்த அழிச்சிட்டேன். பயமில்ல, குறி போட்டிருக்கு. வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ."

"வேற எதையும் தொடாதீங்கக்கா, வாரேன்" என்று கிளம்பினேன்.

ஸ்டுடியோவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புருஷன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போயிருந்தான். தோணி எப்போது திரும்பும் என்பது காற்றைப் பொறுத்தது. அதனால் அந்த வீடுகளில் அப்பனுக்காக விசேஷத்தை நிறுத்தி வைப்பதில்லை. வீடியோ படம் பிடித்து வைப்பார்கள்; வந்தவன் குளித்துச் சாப்பிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பான். இவள் புருஷனின் தோணி கிட்டத்தில் வந்துவிட்டது. கேமரா கார்டிலோ அதற்குள் வேறொரு வீட்டுக் கல்யாணம் ஏறிவிட்டது.

அக்கா சொன்ன குறி என்னவென்று பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை அவருடைய அண்ணன் மகன் போட்டுக் கொடுத்திருந்தான். அதன் கோப்பு அமைப்பில், 'இதை அழித்தாலும் உள்ளே பத்திரமாக வைத்திரு' என்று சொல்ல ஒரு குறி உண்டு. போடச் சொன்னால் வாங்கிக்கொள்ளும். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று காட்டும். ஆனால் அந்தக் குறி சொல்கிறபடி செய்கிற வேலையை அதில் யாரும் எழுதிச் சேர்க்கவே இல்லை. அது தெரியாமல் அக்கா, டிஸ்க்கில் இடம் காணாதபோதெல்லாம் தைரியமாக அழித்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகச் சொன்னேன். அக்கா மிஷினைப் பார்த்துத் திட்டினார்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "எல்லாத்துக்கும் எச்சரிக்க குடுத்தா எவன் படிப்பான்? ஹார்பர்ல ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்துதான். என்னைக்காவது நின்னு பாத்திருக்கியா நீ?"

அவர் சொன்னதை என்னால் தள்ள முடியவில்லை. மிஷின் எழும்பும்போது வரிவரியாக ஓடுவதை நானே படிப்பதில்லை.

அந்தப் பெண் சொன்னாள்: "நீங்க பாக்காண்டாம் அண்ணாச்சி. நான் பாப்பேன். எங்க வீட்டு ஆளு கடல்ல கெடக்காருல்லா."

அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. கூண்டு ஊருக்கே ஏறினாலும், அண்ணாந்து பார்க்கிறவர்கள் சில வீட்டார்தான். அவர்களுக்காக ஏற்றித்தான் ஆகவேண்டும். இயங்குதளமும் அப்படித்தான்: தன்னால் செய்ய முடியாததை ஒருவர் நம்பி வைத்திருக்கிறார் என்றால், ஒரு வரியாவது சொல்லிவிட வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் எதுவும் எழுதிவிடாதபடி என் மிஷினில் மாட்டித் தேடினேன். துண்டு துண்டாக வந்தது. தொடக்கத்துப் பாட்டு போய்விட்டது. ஞானத்தகப்பன் பிள்ளையை வாங்குகிற இடம் பாதிதான். தலையில் தண்ணீர் விழுந்து பிள்ளை வீறிட்டு அழுவது மட்டும் முழுசாக இருந்தது.

வந்ததைப் போட்டுக் காட்டியதும், "அது போதும்" என்றாள் அவள்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது சின்னதாக ஒரு நிரலும் எழுதிப் போட்டேன். பெயருக்கு மட்டும் இருக்கிற குறிகளைத் தேடி, மிஷின் எழும்பியதும் 'இதை நம்பாதீர்கள்' என்று தமிழில் காட்டும். அக்கா அதற்குக் கூண்டு என்று பேர் வைத்தார்.

தோணி வந்தது. வீட்டில் பார்க்கும்வரை பொறுக்காமல், அவள் புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டான். அக்கா மிஷினைப் போட்டதும் கூண்டுதான் முதலில் எழும்பியது.

"இது ஒண்ணு, எப்பப் பாத்தாலும்" என்று அக்கா மூடப் போனார்.

"மூடாதீங்கக்கா" என்றான் அவன், பிள்ளையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு. "என்ன சொல்லுதுன்னு வாசிச்சிட்டு அப்புறம் படத்தப் பாப்போம்."