மலர்க்கொடியின் ஆட்காட்டி விரல்

நன்னிலம் பக்கம் நடவு என்றால் மலர்க்கொடியைத்தான் தேடி வருவார்கள். பதினெட்டுப் பெண்களைத் திரட்டி வயலில் இறக்குவது இருபது வருஷமாக அவள் வேலை. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் ஆட்காட்டி விரலில் இறங்கித் தசைநாரை அறுத்துவிட்டது. தையல் போட்டு அவள் வீட்டில் கிடக்க, ஓரகத்தி பொன்னுத்தாய் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிடுங்கிக்கொண்டாள் என்பது மலர்க்கொடியின் பேச்சு. நின்றுபோன வேலையை எடுத்துச் செய்தாள் என்பதுதான் நிஜம். வயிற்றெரிச்சலுக்கு நிஜம் எதற்கு?

திருவாரூரில் பிசியோதெரபி பார்க்கும் கவிப்ரியா பொறுமையாகச் சொன்னாள். "தைச்ச எடத்துல இருக்குற செல்லுங்கதாம்மா நாரை உண்டாக்கி நிரப்புது. மெதுவா மடக்கி நீட்டுனா அந்தப் போக்குலயே வரிசையா போடும். அசைக்காம வச்சிருந்தா கன்னாபின்னான்னு போட்டு ஒட்டிக்கும். இப்பப் போடுறது நோஞ்சான் நாரு. அதைக் கொஞ்சங்கொஞ்சமா கரைச்சிட்டு, அப்பறந்தான் கெட்டியா போடும். மூணு மாசத்துக்கு எதையும் இழுக்காதீங்க."

சொன்னபடி மடக்கி நீட்டினாள். விரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்கள் ஏவாமலே வேலை பார்த்தார்கள். ஆனால் வயலிலிருந்து பொன்னுத்தாயின் அதட்டல் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது வாரம் புண் ஆறித் தோல் கூடிவிட்டது. நட்ட பயிர் பச்சை பிடித்துவிட்டால் வேர் ஊன்றிவிட்டது என்று அர்த்தம். விரலையும் அவள் அப்படித்தான் பார்த்தாள்.

"பச்ச புடிச்சிருச்சுங்க" என்று புருஷன் கண்ணுசாமியிடம் சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பினாள்.

பொன்னுத்தாய் நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தைப் பார்த்ததும் மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே குனிந்து ஒரு பிடி நாற்றை வெடுக்கென்று இழுத்தாள். விரலுக்குள் ஏதோ 'டப்'பென்று விட்டுப்போனது. மடக்கிப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை.

பொன்னுத்தாய் ஓடிவந்து கையைத் தாங்கிக்கொண்டாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க எடத்துல நான் ஒரு நாளாவது நின்னிருப்பனா? அங்க பாருங்க."

பக்கத்து வயலில் பெண்கள் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பை ஒட்டி மலர்க்கொடி எப்போதும் நிற்கும் முதல் இடத்தில் ஆள் இல்லை. ஒரு ஆள் அகலத்துக்குச் சேறு சும்மா கிடந்தது.

மறுபடி அறுத்துத் தைக்க வேண்டும், இனி எப்போது நடுவோமோ என்பதெல்லாம் மலர்க்கொடிக்குப் புரிந்தது. ஆனாலும் அவளால் தாங்க முடியாதது வேறு. ஒரு வார்த்தை திட்டக்கூட அந்தப் பொன்னுத்தாய் வழி வைக்கவில்லையே.