நாலு நாளும் பதினாறு நாளும்

பெரிய கிராணிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. அவர் செத்துப் பல வருடமாகிவிட்டது என்பதற்காக இதை மெழுகி எழுத எனக்கு மனமில்லை.

சிங்கப்பூருக்கு வடக்கே, லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ரப்பர் தோட்டம். முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ரப்பர் பால் ஸ்டோர் கிராணி, குமாஸ்தா. பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்து, பெட்டியில் அடைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புவது என் பொறுப்பு. எனக்கு மேலே பெரிய கிராணி, அவருக்கு மேலே துரை.

ரோலருக்கு ஆள் போதவில்லை என்று துரை ஒரு வழி கண்டுபிடித்தார். ஷீட்டை இரண்டு மடங்கு கனமாக விட்டால் பாதி எண்ணிக்கை, பாதி வேலை. "காய எத்தனை நாள்?" என்று பெரிய கிராணியைக் கேட்டார்.

"இப்ப நாலு நாள் தொரை. ரெண்டு மடங்கு கனம்னா எட்டு நாள்" என்றார் அவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஈர ரப்பர் வெள்ளையாக இருக்கும். காய்ந்தது தேன் நிறத்துக்கு வரும். காயும் ஷீட்டைக் குறுக்கே வெட்டினால் இரண்டு ஓரமும் தேன் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. ரோலர் சரியாகப் பிடிக்காத காலைகளில் சில ஷீட்டுகள் கனமாக வந்துவிடும். அவற்றையும் மெல்லிய ஷீட்டையும் தினம் ஒரு துண்டு வெட்டி, பார்த்ததை நோட்டில் வரைந்துவைப்பது என் பழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பொழுது போகாத இடம் அது.

வரைந்தவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கண்ணில் பட்டது. மெல்லிய ஷீட்டின் முதல் நாள் படமும், இரு மடங்கு கனமான ஷீட்டின் நாலாம் நாள் படமும் ஒன்றேதான். சின்ன போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டதுபோல அளவுதான் வேறு. மெல்லியதன் இரண்டாம் நாள் கனமானதன் எட்டாம் நாளோடு அதேபோலப் பொருந்தியது. ஒன்றரை மடங்கு கனத்தையும் பார்த்தேன். நாளைக் கனத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தபோது எல்லாப் படங்களும் ஒரே படமாகிவிட்டன. அப்படியானால் மெல்லியது நாலு நாளில் காய்ந்தால், இரு மடங்கு கனமானது காயப் பதினாறு நாள் வேண்டும். பிற்காலத்தில் ஒரு பொறியியல் புத்தகத்தில் இதையே ஒப்புமைத் தீர்வு என்று போட்டிருந்தார்கள். இரும்புக்குள் சூடு ஏறுவதும் இதே கணக்காம். தூரமும் நேரமும் தனித்தனியாக நிற்காமல் ஒரே எண்ணாகச் சேர்ந்துவிடுமாம். எனக்கு அன்று அந்தப் பேரெல்லாம் தெரியாது. படம் தெரியும்.

பெரிய கிராணி எட்டு நாள் என்று சொன்னதற்கு மறுநாள் காலை, வெட்டிய துண்டுகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மற்றக் கிராணிகளும் இருந்தார்கள். சொல்லத் தொடங்கி நாலு வார்த்தை ஆகவில்லை, பெரிய கிராணி துண்டுகளை வாங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினார்.

"வேதக்காரனுக்கு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போனாப் போதாதா? எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டியா? எட்டு நாள்னு தொரைகிட்டச் சொல்லியாச்சு. எட்டு நாள்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே போய்ச் சாக்கடையோரம் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். அதையும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அப்போதே முடிவு செய்துகொண்டேன்: எட்டு நாளில் எடுக்கட்டும், பெட்டியில் பூஞ்சணம் பூத்துப் போகட்டும், இந்த ஆள் துரைக்கு முன்னால் கைகட்டி நிற்கட்டும்.

கனமான ஷீட்டுகளைத் தொங்கவிட்ட எட்டாம் நாள் துரை புகைக்கொட்டகைக்கு வந்தார். ஒரு ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புகை படிந்து கறுத்திருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பெரிய கிராணி அந்த நேரம் அங்கே இல்லை. கொட்டகையில் அடுப்புப் பார்க்கும் பெண் மட்டும் விறகோடு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாள். அவளும் புருஷனும்தான் முறைபோட்டு நெருப்பைக் காத்தார்கள்.

துரை என்னைத் தமிழிலேயே கேட்டார். "காஞ்சிருச்சா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். ஷீட்டை வெட்டிக் காட்டக் கத்தியும் என் சட்டைப்பையில் இருந்தது.

"பெரிய கிராணியக் கேளுங்க தொரை" என்றேன்.

பெட்டிகள் போயின. சில வாரத்தில் ரயிலேறித் திரும்பி வந்தன. திறந்தபோது நாற்றம் தாங்கவில்லை. ஷீட்டெல்லாம் பூஞ்சணம், வெட்டினால் நடுவில் வெள்ளை. நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. ஆனால் பெரிய கிராணி கைகட்டி நிற்கவில்லை. "எட்டு நாளும் நெருப்பு ஒழுங்கா எரிஞ்சிருந்தா இப்படி ஆகுமா தொரை? அடுப்புக்காரன் தூங்கியிருக்கான்" என்றார். துரைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆளைக் குறைக்க அவருக்கும் காரணம் தேவைப்பட்டது. புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் அன்றைக்கே லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

மூட்டையோடு போகும் வழியில் அந்தப் பெண் ஸ்டோர் வாசலில் நின்றாள். புருஷன் முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

"கிராணியய்யா, நெருப்பு ஒரு வேளையாச்சும் அணைஞ்சதா? நீங்கதான தெனம் வந்து பாத்தீங்க?"

"இல்லம்மா. அணையல."

"தொரை கேட்டப்ப நானும் நின்னேன். உங்களுக்குத் தெரியும். நீங்க துண்டு துண்டா வெட்டிப் பாக்குறவரு. அந்த மனுஷன் மேல உள்ள கோவத்துக்கு எங்க அடுப்பத்தான் அவிச்சீங்களா?"

அவள் காறித் தரையில் துப்பிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே துரை பங்களாவுக்குப் போனேன். நெருப்பில் குற்றமில்லை, கணக்கில்தான் குற்றம் என்றேன். நிரூபி என்றார். மூன்று கனத்தில் ஷீட் போடச் சொன்னேன். எது எந்த நாளில் வெள்ளை போகும் என்று தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன்: மெல்லியது நாலு, ஒன்றரை மடங்கு ஒன்பது, இரு மடங்கு பதினாறு. கொட்டகைச் சாவியை அவரே வைத்துக்கொண்டார், தினமும் தம் கையாலேயே வெட்டினார். பெரிய கிராணி ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஏசினார். எட்டாம் நாள் கனமான ஷீட்டில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. பதினைந்தாம் நாள் மயிரிழையாக இருந்தது. பதினாறாம் நாள் இல்லை.

துரை தாளை மடித்துப் பையில் போட்டார். "ரோலரைப் பழையபடி வை" என்று பெரிய கிராணியிடம் சொன்னார். அவ்வளவுதான். அடுப்புக்காரர்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "வேற ஆளு வந்தாச்சு" என்றார். அப்போது நான் எட்டாம் நாள் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உன்னையும் சேத்து அனுப்பியிருக்கணும்" என்றார்.

அவர்கள் செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் புல்லு வெட்டுவதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசைக்குப் போகவில்லை. புருஷன்தான் லயத்து வாசலில் இருந்தான். உங்கள் மேல் குற்றமில்லை என்று துரைக்கு முன்னாலேயே நிரூபித்துவிட்டேன் என்றேன்.

"சரி. இப்ப எங்கள என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டீங்கல்ல? போங்க."

உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டுவதற்குள் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

பெரிய கிராணியும் நானும் அதன்பிறகு இரண்டு வருடம் ஒரே ஆபீசில் இருந்தோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சொல்லவேண்டியதைச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பார், நானும் அப்படியே. புதிதாக வந்த கிராணிகளிடம் அவர், கனத்துக்கும் நாளுக்கும் உள்ள கணக்கைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.