பாணியண்ணனின் வலது கட்டைவிரல்

தண்டாயுதபாணி குரல் செய்தி அனுப்பினால் முதல் ஐந்து விநாடிக்குத் தறிச் சத்தம் மட்டும்தான் வரும். அதன் பிறகு அவர் கத்துவார். எடப்பாடியில் நாற்பது தறி ஓடும் கூடத்துக்குள் நின்று பேசிப் பேசி வந்த பழக்கம் அது. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினாலும் அதே தொண்டைதான். அவருடைய வீடியோ கேம் குழுவில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரும் அவர் பெயரைப் பார்த்ததும் முதலில் கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள், பிறகு கேட்பார்கள். கேட்காமல் விட்டவர் என்று ஒருவரும் கிடையாது.

வயது முப்பத்தொன்பது. தொழில், விசைத்தறி மெக்கானிக். மொபெட்டின் முன்புறத்தில் ஸ்பேனர் பை, காதோரத்தில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு. தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே எந்தத் தறி நொண்டுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். தறியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மந்திரம் உண்டு: "மொதல்ல நிறுத்து, அப்பறம் கைய வெய்யி." இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தறிக்காரர்கள், அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கோரஸாகச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "சிரிங்க, சிரிங்க. வெரலு பத்தும் இருக்கறவன் நல்லா சிரிப்பான்" என்பார்.

இது காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்கும் உள்ள தண்டாயுதபாணி. ஆறு மணிக்கு மேல் அவர் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள். 'எம்பர் ரோடு' என்ற வீடியோ கேமின் முதல் பாகத்தை எடப்பாடியில் ஒரு பிரௌசிங் சென்டரில் விளையாட ஆரம்பித்தவர், பதினைந்து வருடமாக ஒரு பாகத்தையும் விட்டதில்லை. கதை ரொம்ப எளிமை. இருட்டான ஒரு நீண்ட சாலை. அதில் தூரத்துக்கு ஒன்றாக விளக்குக் கம்பங்கள். கதாநாயகன் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவில் செத்தால், அதுவரை சேர்த்தது அத்தனையும் போய்ப் பழைய கம்பத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டும். மன்னிப்பே கிடையாது. அந்த மன்னிப்பில்லாத குணத்துக்காகவே அதை நேசித்தார்கள். தண்டாயுதபாணியும், நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் அவர் நண்பர் பிரபாகரும் சேர்ந்து ஆரம்பித்த குழுவுக்கு முகப்பு வாசகமே "செத்தா செத்ததுதான்".

இந்தத் தைக்கு எட்டாம் பாகம் வந்தது. கடல் தாண்டி இருக்கும் அந்தக் கம்பெனிக்காரன் யாரைக் கேட்டுச் செய்தானோ, புதிதாக 'துணை' என்று ஒரு வசதியை வைத்துவிட்டான். அதைப் போட்டுக்கொண்டால் நினைத்த இடத்தில் விளக்கேற்றிக்கொள்ளலாம். எதிரி கொஞ்சம் மெதுவாக வருவான். அடி விழப் போகும்போது கதாநாயகன் தானாகவே விலகிக்கொள்வான். ஒருமுறை போட்டுவிட்டால், விளையாடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் எரியும் மஞ்சள் சுடர் நீலமாக மாறிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் மஞ்சளாகாது.

குழு இரண்டு பங்காளி வீடாகப் பிரிந்தது. பிறந்தநாளுக்குக்கூட ஒருவருக்கொருவர் வாழ்த்துப் போடவில்லை. பழசுக் கட்சிக்குத் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம். முதல் வாரத்தில் மட்டும் தண்டாயுதபாணி பதினேழு குரல் செய்தி அனுப்பினார்.

புதுசுக் கட்சியில் வாயைத் திறந்து பேசியவர் ஷாலினி. ஆட்டையாம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறார். "எனக்குக் கெடைக்கறது மத்தியானத்துல ஒரு மணி நேரமுங்ண்ணா. அதுல பாதி நேரம் செத்துச் செத்துப் பழைய எடத்துக்கே வந்து நின்னா, நான் எப்பத்தான் கடைசி விளக்கப் பாக்கறது?" என்று பணிவாகத்தான் கேட்டார். அதற்குத் தறிச் சத்தத்தோடு பதில் வந்தது: "நடக்க முடியாதவங்க எதுக்கு அம்மிணி மலையேறோணும்? தூளி கட்டித் தூக்கிட்டுப் போயி மேல எறக்கிவுட்டா அது மலையேறுனதுல சேருமா? என்னயக் கேட்டா, நீல வெளக்கு எரியற பேரே இந்தக் குழுவுல இருக்கக் கூடாதுங்கறேன்!"

குழு விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ தூளிப் படம் போட்டு அதை ஸ்டிக்கராக்கினார்கள். ஷாலினி குழுவை விட்டுப் போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

வாய்க் கொழுப்பு சீலையில் வடியும் என்பார்களே, அது ஒரு மாதம் கழித்து வடிந்தது. ஒரு பகல் நேரம் கரண்ட் போயிருந்தது. ஒரு தறியின் பல்சக்கரத்தில் நூல் சிக்கியிருந்தது. கரண்ட்தான் இல்லையே என்று ஸ்விட்சை அணைக்காமல் கையை விட்டார். ஊருக்கெல்லாம் மந்திரம் சொல்லிக்கொடுத்த ஆள், தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார். கரண்ட் வந்தது. வலது கட்டைவிரல். ஐந்து தையல். நகம் போனது போக, மேல் மூட்டு இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஸ்பேனர் பிடிக்க மற்ற விரல்கள் பழகிக்கொண்டன. ஆனால் கேம் கன்ட்ரோலரில் வெட்டுவதும் விலகுவதும் வலது கட்டைவிரலின் வேலை. கட்டுப் பிரித்த அன்று ஆசையாக உட்கார்ந்தார். முதல் கம்பத்துப் பக்கத்தில் ஒரு சொறிநாய் வரும். எட்டு பாகத்திலும் வருகிற நாய்தான். முன்பெல்லாம் அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கொல்வார். அன்றைக்கு அது அவரை அறுபது தடவை கடித்துக் கொன்றது.

மனைவி சௌந்தர்யா தாய்வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவர் 'துணை'யைப் போட்டார். பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று நினைத்தாராம். அணைக்கவில்லை. அடுத்து வந்த இரவுகளையும் சேர்த்து மொத்தம் அறுபத்தொரு மணி நேரம் விளையாடிக் கடைசி வரைக்கும் போனார். கடைசிக் கம்பத்தில் ஏற்றப் போனால், அந்த விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. யார் ஏற்றியது என்று சொல்லாமலே கதை முடிந்துவிடுகிறது. தண்டாயுதபாணி லுங்கி முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் நீலத்தைப் பார்த்தார். முதல் வேலையாகக் கேமில் உள்ள தன் கணக்குப் பக்கத்தை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டினார்.

அன்றிலிருந்துதான் இந்த மனிதருக்குக் குழப்பம். தேள் கொட்டிய திருடன் மாதிரி எங்கேயும் கத்த வழியில்லை. "நானா முடிச்சேன், இல்ல அது முடிச்சுதா?" என்று ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வாய்விட்டே கேட்டுவிட்டார். சௌந்தர்யாவுக்கு விஷயம் தெரியும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டுமே.

"ஏனுங்க, கட்டுப் போட்டிருந்தப்ப பத்து நாளு நாந்தான சோறு ஊட்டுனேன்? தின்னது நீங்களா, நானா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அவர் யோசித்தார். சோறு ஆறிப்போனது.

இதற்கிடையில் ஷாலினி இரண்டு மாத மௌனத்தைக் கலைத்துக் குழுவில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "அந்தக் கடைசி விளக்க ஏத்துனது யாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?" அவ்வளவு தூரம் போனதாகக் குழுவில் வேறு எவரும் சொல்லவில்லை; மற்ற நீல விளக்குக்காரர்கள்கூடப் பாதி வழியில்தான் இருந்தார்கள். பழசுக் கட்சி முழுக்க அப்போது பாலத்துக் காவலன் என்ற ராட்சசனிடம் செத்துக்கொண்டிருந்தது. தண்டாயுதபாணிக்குப் பதில் தெரியும். அதாவது, தெரியும் என்று அவர் நினைக்கிறார். நான்கு முறை தட்டச்சு செய்தார், நான்கு முறையும் அழித்தார். ஒரு கதையைப் பற்றிப் பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்து, அந்த ஆளையும் தூளியில் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவருக்கு.

அப்போதுதான் பிரபாகர் அறிவித்தார். வருடாந்தரச் சந்திப்பு வரும் ஞாயிறு, நாமக்கல்லில், அவர் கடை மாடியில். பாணி சொன்னபடியே நீல விளக்குக்காரர்களைக் குழுவிலிருந்து நீக்குவது குறித்து அங்கேயே கைதூக்கி முடிவெடுக்கப்படும். அப்படிப்பட்டவர்கள் அறுபத்துநான்கு பேர். அறுபத்தைந்தாவது ஆள் ஒருவர் உண்டு என்பது பிரபாகருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை, வேலைக்குப் போகிற வழியில், தண்டாயுதபாணி முனியப்பன் கோயிலில் மொபெட்டை நிறுத்தினார். பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று குழம்பினால் எங்கள் பக்கத்தில் பூக் கேட்பார்கள். வெள்ளரளியை ஒரு பொட்டணம், செவ்வரளியை ஒரு பொட்டணம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். நினைத்த காரியத்துக்கு வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். வீடியோ கேமுக்காக முனியப்பனிடம் பூக் கேட்ட முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

பூசாரி காளியப்பன், "என்ன காரியமுங்க?" என்றார்.

"ஒரு... தொழில் விசயமுங்க."

"செரி, மனசுல நல்லா நெனச்சுக்கங்க."

கெடுத்தது அதுதான். 'சொல்லிவிடலாமா' என்று நினைத்துக் கண்ணை மூடினார். பொட்டணம் கட்டுகிற நேரத்துக்குள் பிரபாகரின் முகம் வந்துவிட்டது. 'மறைத்தே வைத்துவிடலாமா' என்று மாற்றிக்கொண்டார். அது சாமிக்கு முன்னால் நினைக்கிற நினைப்பா என்று கூசி, பழையதற்கே திரும்பினார். திரும்பினாரா, திரும்பப் போனாரா என்று நிச்சயமாகத் தெரிவதற்குள் கை ஒரு பொட்டணத்தை எடுத்துவிட்டது. பிரித்தால், வெள்ளை.

"அமோகமா செய்யுங்க" என்றார் காளியப்பன்.

"பூசாரி, இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. சந்தேகப்பட்டுக் கேட்டா அப்பனுக்குக் கோவம் வரும்."

முனியப்பனிடமும் துணை வசதி கிடையாது. தண்டாயுதபாணி வெள்ளரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதைச் செய்யச் சொல்லி அருள் வந்திருக்கிறது என்று தெரியாமலே அன்றைக்கு ஏழு தறிகளைச் சரிசெய்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடி நிரம்பிவிட்டது. கீழே அடுக்கியிருந்த தீவன மூட்டைகளின் கருவாட்டு வாசம் படியேறி வந்து போண்டா வாசத்தோடு கலந்தது. இருபத்தைந்து பேர் இருக்கலாம். நீல விளக்குக்காரர்களில் வந்தது ஷாலினி மட்டும்தான். படிக்கட்டை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மூஞ்சிக்கு நேரா சொல்லட்டுமுன்னு வந்தனுங்க" என்று, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்டாயுதபாணி டீயை இடது கையால் வாங்கினார். வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது; விரல் விஷயத்தைக் குழுவில் யாரிடமும், பிரபாகரிடம்கூட, அவர் சொல்லியிருக்கவில்லை.

சந்திப்பை அவர்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்பது வழக்கம். புதுப் பாகத்தில் பெரிய எதிரி ஒருவனைப் பாணியண்ணன் எல்லோர் முன்னாலும் வெட்டிச் சாய்க்க வேண்டும். கைதட்டல் விழும். பிறகுதான் மற்றப் பேச்சு. சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் பாலத்துக் காவலன் கோடாரியோடு நின்றான்.

"என்ற அக்கவுண்டுலயே ஆடு மாப்ள. பாலத்துக்கிட்டக் கொண்டுபோயி நிறுத்தி வெச்சிருக்கறேன்" என்று பிரபாகர் கன்ட்ரோலரை நீட்டினார். டிவியின் மூலையில் பிரபாகரின் பெயர், பக்கத்தில் அப்பழுக்கில்லாத மஞ்சள் சுடர்.

முதல் தடவை கோடாரி ஒரே வீச்சில் முடித்துவிட்டது. "ஃபேன் மூஞ்சிக்கு நேரா அடிக்குது, நிறுத்துங்கப்பா" என்றார் பிரபாகர். ஃபேனை நிறுத்தினார்கள். இரண்டாம் தடவை பாலத்தில் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. "கன்ட்ரோலரு புதுசு, கைக்குப் பழகல" என்று அதற்கும் பிரபாகரே காரணம் சொன்னார். நண்பன் என்றால் அப்படித்தான் இருப்பான், அதுதான் இன்னும் கஷ்டம். மூன்றாம் தடவையும் செத்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணனுக்கு ஒரு தூளி கட்டுங்கப்பா!" என்றது. மாடியே அதிர்ந்தது. தண்டாயுதபாணியும் சிரித்தார்.

ஷாலினி சிரிக்கவில்லை. நாள் முழுக்க விரல்களையும் ஊசியையும் பார்க்கிற கண் அவருடையது. "கைக்கு என்னங்ண்ணா ஆச்சு? அந்த வெரலு மடங்கவே இல்லியே" என்றார்.

"ஒண்ணுமில்ல அம்மிணி" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

நான்காவது ஆட்டத்துக்குக் காவலன் கோடாரியை ஓங்கியிருந்தான். அந்த ஓங்கலிலேயே அவனைத் தண்டாயுதபாணி நிறுத்தினார். படம் அசையாமல் நின்றது. சிரிப்பு அடங்க ஒரு கணம் ஆனது. வெள்ளைப் பூ எதற்காக வந்தது என்பது அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. பிரபாகரின் கணக்கிலிருந்து வெளியேறினார். டிவி, யார் விளையாடப் போகிறீர்கள் என்று கேட்டு வெறும் கட்டம் ஒன்றைக் காட்டியது. "எதுக்கு மாப்ள? அதுலயே ஆடு" என்றார் பிரபாகர். தண்டாயுதபாணி திரும்பிப் பார்க்கவில்லை. நகமில்லாத அந்த வலது கட்டைவிரலை நீட்டிவைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அழுத்தி, தன் பெயரை அடிக்க ஆரம்பித்தார்.