ஒன்ஸ் மோர் கேட்ட அழுகை

கண்ணுகளா, அயர்லாந்தின் புரட்சியையும் போரையும் பற்றிய மூன்று நாடகங்களைத் திருப்பூரில் போட்டவர் ஒரு பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். ஒல்லியான மனிதர், தலை சீவிக்கொண்டேதான் பேசுவார். மகனை இழக்கும் தாயாக நடிக்க, உண்மையிலேயே போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு மில் தொழிலாளி அம்மாவை அழைத்து வந்தார்.

முதல் நாடகத்தில் அந்த அம்மா அழுததும் கொட்டகையே “ஒன்ஸ் மோர்” என்று கத்தியது. மகனாகச் செத்துக் கிடந்த நடிகர் எழுந்து மறுபடி செத்தார்.

“இனி என்னால ஆகாதுங்க சாமி,” என்றார் அந்த அம்மா, திரையோரம் நின்ற மாஸ்டரிடம்.

“சனம் கேக்குதுங்கம்மா. உங்க பையன நெனச்சுக்குங்க.”

மறுபடி அழுதார்.

“ஏனுங்க மாஸ்டர், பாவமில்லீங்களா?” என்றேன், அவர் பக்கத்தில் நின்ற நான்.

“அடுத்த ரெண்டுலயும் பையன் சாவறானுங்க. அவங்களத்தான் போட்டிருக்கறனுங்க.”

அதைவிட நல்ல நாடகம் நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.