கரம்பை மூடிய பத்து சென்ட்

கனகலட்சுமியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே அவளுடைய அய்யா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஊர் திருப்பாலைக்குடிக்கு மேற்கே, கடற்காற்று எட்டுகிற தூரத்தில். வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை, ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடிக்கவில்லை. நேராக மாப்பிள்ளை வீட்டு வயலான புளியடிச்செய்யில் இறங்கி ஒரு முழ ஆழம் வெட்டினார். அடிமண்ணை அள்ளி மோந்து பார்த்து, விரலில் உருட்டிப் பார்த்து, "இங்கன குடுக்கலாம்" என்றார். மாப்பிள்ளை முத்துகிருஷ்ணன் வரப்பில் நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் கனகலட்சுமி வாக்கப்பட்டது அந்த மனுசனுக்கா, அந்த ஒரு ஏக்கர் இருபது சென்ட்டுக்கா என்று ஊரில் கேலி உண்டு. கேலியில் தப்பில்லை. முப்பத்திரண்டு வருசத்தில் அவள் புருசனைத் தலை வாரச் சொன்ன நாட்களை எண்ணிவிடலாம். புளியடிச்செய்யின் வரப்பில் ஒரு புல் கோணலாக நின்று பார்த்தவர் கிடையாது. நிலத்தைப் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் போதும், அது மிளகாய் வியாபாரியாக இருந்தாலும் சரி, பயிர்க் கணக்கு எடுக்க வரும் கிராம அலுவலராக இருந்தாலும் சரி, முதல் நாளே போய் வரப்பைச் செதுக்கி, காய்ந்த செடியைப் பிடுங்கி, கட்டியைத் தட்டி வைத்துவிடுவாள். வயலுக்குக் கோலம் போடாததுதான் பாக்கி என்று பக்கத்து வயல்காரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். நாறக் கிடக்கிற நிலத்தை நாலு பேருக்குக் காட்டுகிறவள் வெட்கங்கெட்டவள் என்பது அவள் கட்சி.

மழைக்கு நெல், அது அறுத்ததும் குண்டு மிளகாய். இதுதான் அந்த நிலத்தின் வழக்கம். அவள் மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும்.

தெற்குப் பக்கத்து நாலு ஏக்கர் பங்காளி செல்லச்சாமியுடையது. அவர் திருப்பூரில் மகனோடு போய் உட்கார்ந்துகொண்டு, நிலத்தை இறால் பண்ணைக்கு விட்டுவிட்டார். மண்ணள்ளும் இயந்திரம் வந்து இரண்டு குளம் வெட்டியது. கரை ஆள் உயரத்துக்கு எழுந்தது. உப்போடையிலிருந்து குழாய் போட்டுக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். ராத்திரி பகலாகக் காற்றடிக்கும் சக்கரங்கள் தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டிருந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கனகலட்சுமியும் ஒருநாள் கரையேறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

அடுத்த வருசம் தெற்கு ஓரத்து நெல்லில் இலை நுனி கருகியது. பூச்சியென்று நினைத்து மருந்தடித்தாள். பூச்சி இருந்தால்தானே சாவதற்கு! மிளகாய்ச் செடியில் இலை விளிம்பு தீய்ந்து சுருண்டது, பூ பூவாகவே உதிர்ந்தது. அதற்கும் அடுத்த வருசம், கரையை ஒட்டிய பத்து சென்ட்டில் போட்ட விதை முளைக்கவேயில்லை. பெய்த மழை உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கிக் கிடந்தது. வெயில் ஏறியதும் மண் ஓடு மாதிரி இறுகியது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. கடற்கரைச் சேற்றில் மட்டும் பார்த்திருந்த உமரிச் செடி, யார் கூப்பிட்டதோ, அங்கே வந்து குடியேறியது.

இறால் பிடித்து முடிந்ததும் குளத்தைத் திறந்துவிடுவார்கள். அழுகிய தீவன நாற்றமும் பிளீச்சிங் பவுடர் நெடியுமாக அந்தத் தண்ணீர் வாய்க்காலில் போகும். போகிற போக்கில் புளியடிச்செய்யின் மூலைக்கும் பங்கு கொடுத்துவிட்டுப் போகும். மேலே வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கரைக்கடியில் ஊறி வந்தது தெரியவில்லை. ஊறலுக்கு வரப்பு ஏது, பட்டா ஏது? வருசத்துக்கு இரண்டு ஆள் நீளம் என்று அது வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் கனகலட்சுமி மனுக் கொடுத்தாள். பண்ணையின் உரிமம் அந்த வருசம் முடிகிறது, புதுப்பிக்கக் கூடாது என்பதுதான் மனு. சித்திரையில் தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். பண்ணை மேலாளர் பிரபாகரன் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்திருந்தான். நல்ல மரியாதைக்காரன். கும்பிட்டுவிட்டுத்தான் பேசினான்.

"சார், எங்க தண்ணியால ஒண்ணுமில்ல. அக்கா நெலத்த ஒழுங்காப் பாத்துக்கிறதில்ல. தரிசாப் போட்டு வச்சிருக்காங்க. பராமரிப்பு இல்லேன்னா எந்த நெலந்தான் வெளையும்?"

கனகலட்சுமிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. புருசனைப் பாத்துக்கத் தெரியாதவள் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அந்த அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதிகாரிதான் பேசினார். வைகாசி பதினெட்டாம் தேதி மண் எடுக்க ஆள் வரும், உப்பு ஏறியிருப்பது பரிசோதனையில் தெரிந்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லி விசாரணையை முடித்தார்.

ஆக, எல்லாம் அந்தப் பத்து சென்ட் மண்ணின் கையில் இருந்தது. அது பேசாமல் கிடந்திருந்தால்கூடப் போதும். அதைக் கிடக்கவிட அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "தரிசாப் போட்டவளாம்ல நானு" என்று அடுப்பிடம் சொன்னாள், ஆட்டிடம் சொன்னாள். அடுத்த வாரம் மண்வெட்டியோடு போய் வெள்ளை பூத்ததையெல்லாம் சுரண்டி, உமரியைப் பிடுங்கி, கூடை கூடையாகச் சுமந்துபோய்ப் பண்ணைக் கரையோரம் கொட்டினாள்.

கோடையில் வற்றிய கண்மாயில் கரம்பை மண் வெட்டி வயலுக்கு அடிப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். தளர்ந்த நிலத்துக்கு அதுதான் ஊட்டம். கண்மாய் வண்டல் அள்ள வட்டாட்சியர் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் பதினெட்டாம் தேதி போய் அடுத்த பதினெட்டாம் தேதியும் போய்விடும். கனகலட்சுமி கொழுந்தன் முறையுள்ள கூத்தையாவிடம் போய் நின்றாள். அவனிடம் டிராக்டர் இருந்தது.

"மதினி, அனுமதி இல்லாம அள்ளுனா வண்டியப் பிடிச்சிருவாங்க" என்றான் கூத்தையா.

"விடியுமுன்ன நாலு நடை, நாலு நடையா அடிப்பா. ஒன் பருத்திக்கு நான் களை எடுத்துத் தாரேன்."

முத்துகிருஷ்ணன் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன பேச்சுகள் குறைவு. அன்று ஒன்று சொன்னார். "ஏ கனகு, அப்படியே கெடக்கட்டும். அழுகுன புண்ணக் காட்டுனாத்தான வைத்தியன் நம்புவான்? துணியப் போட்டு மூடுறியே."

"புண்ணுன்னா சொல்லுதீக எஞ்செய்ய?" என்று அவள் எகிறினாள். "வாரவங்க இங்கன வந்து நின்னு, இவளுக்கு நெலம் பாக்கத் தெரியலன்னு எழுதிட்டுப் போவாங்க. அது ஒங்களுக்குச் சம்மதமாக்கும்?"

முத்துகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கொஞ்சம் கத்தியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லாமல் போனது அந்தக் குடும்பத்தின் கேடு.

இருபத்தேழு நடை கரம்பை வந்தது. ஏழு நாள் இடுப்பு ஒடிய நிரவினாள். பத்து சென்ட்டிலும் முக்கால் அடிக் கனத்துக்குக் கருகருவென்று கண்மாய் மண் படிந்தது. மேலே தண்ணீர் தெளித்து, கொத்திவிட்டு, வரப்பைச் செதுக்கி முடித்தபோது அது கல்யாண வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். இப்போ சொல்லட்டும் தரிசுன்னு.

பதினெட்டாம் தேதி ஸ்கூட்டியில் வந்து இறங்கியது சிநேகா என்ற சின்னப் பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. நில வரைபடத்தைப் பார்த்துக் கரையோரப் பத்து சென்ட்டைச் சரியாக அடையாளம் கண்டது. ஏழெட்டு இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' மாதிரி வெட்டி, இரண்டு ஓரத்திலும் மண்ணைச் சீவி வாளியில் போட்டுக் கலந்தது. அரையடிதான் விதி. நடுவில் நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, இங்க புதுசா மண்ணு ஏதும் அடிச்சிருக்கீங்களா? வேற நெறமாத் தெரியுதே."

கனகலட்சுமியின் கண்ணில் வந்து நின்றது கூத்தையாவின் டிராக்டர். அனுமதியில்லாமல் அள்ளினோம் என்று சொன்னால் இந்தப் பிள்ளை எழுதிக்கொண்டு போகும், நாளைக்கே போலீஸ் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளோ தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"எங்க மண்ணுதான் தாயி. நான் அப்படிப் பாத்துக்குவேன்."

"நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றது அந்தப் பொண்ணு, மனசாரத்தான். துணிப்பையில் அரைக் கிலோ மண்ணைக் கட்டி, சீட்டில் கனகலட்சுமியின் பேரையும் அவள் சொன்னதையும் எழுதிக்கொண்டு போனது. அன்று ராத்திரிதான் அவள் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆடியில் முடிவு வந்தது. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். துணைக்குக் கூத்தையாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அதிகாரி தாளை எடுத்து வாசித்தார். உப்பின் அளவு வரம்புக்குள் இருக்கிறது, சத்துகள் போதுமான அளவு இருக்கின்றன, விவசாயத்துக்கு ஏற்ற மண். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒங்க மண்ணு ரொம்ப நல்ல மண்ணும்மா. இந்த வட்டாரத்துலயே இவ்வளவு நல்ல முடிவு வர்றதில்ல."

பிரபாகரன் எழுந்து கும்பிட்டான். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் சார். அக்கா நெலத்த அருமையாப் பாத்துக்கிறாங்க. அறிக்கையில ஒரு காப்பி மட்டும் எங்களுக்குக் குடுத்தீங்கன்னா போதும்."

முப்பத்திரண்டு வருசமாக அவள் எந்தப் பேச்சுக்காக வரப்பைச் செதுக்கினாளோ, அந்தப் பேச்சை ஒரு சபையே கேட்க அவளிடம் சொல்லிவிட்டார்கள். கனகலட்சுமிக்குக் காது அடைத்தது. பாவிகளா, பாவிகளா என்று உள்ளுக்குள் கத்தினாள். அதில் முதல் பாவி யார் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அய்யா, அது எம்மண்ணு இல்லய்யா!" என்று எழுந்து நின்றாள். "மேல மூடியிருக்கு. கீழ வெட்டிப் பாக்கச் சொல்லுங்கய்யா. ஒரு முழம் வெட்டுனா உப்புத்தான்."

அதிகாரி மறுபடி கண்ணாடியை மாட்டினார். "எங்க மண்ணுதான்னு நீங்களே சொன்னதா அறிக்கையில இருக்கேம்மா. சரி, மூடுன மண்ணு எங்கருந்து வந்துச்சு? கண்மாயிலயா? அனுமதிச் சீட்டு இருக்கா? எந்த வண்டியில எடுத்தீங்க?"

கேள்விகள் வரிசையாக விழுந்தன. அவள் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கூத்தையா தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டிராக்டரை நம்பித்தான் அவன் வீட்டில் ஆறு உயிர் சாப்பிடுகிறது.

"இல்லய்யா" என்றாள் கனகலட்சுமி. "வாய் தவறிச் சொல்லிட்டேன்." உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மனுக்காரர் பேரைக் கூப்பிட்டார்கள்.

பண்ணையின் உரிமம் புதுப்பிக்கப்பட்டது. புளியடிச்செய்க்கு வடக்கே இருந்த நிலத்தையும் எடுத்து இன்னொரு குளம் வெட்ட விண்ணப்பம் போட்டார்கள். பக்கத்து நிலத்துக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாகக் கனகலட்சுமியின் பேர் போட்ட அந்த அறிக்கையைத்தான் இணைத்திருந்தார்கள். ஊர்ப் பொதுப் பலகையில் அந்த நகலை ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முத்துகிருஷ்ணன் அதை முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். துண்டை உதறி விரித்துத் திண்ணையில் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அந்தப் பத்து சென்ட்டில் நெல்லுக்குப் பதிலாக மிளகாய் நட்டாள். அடித்த கரம்பையாவது வீணாகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம்தான். நாற்று பிடித்து ஒரு மாதம் தளதளவென்று எழுந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு, அறிக்கை சொன்னது நிசந்தான் போல என்று பேசிக்கொண்டு போனார்கள். வேர் முக்கால் அடி தாண்டுகிற வரைக்கும்தான் அந்த வாழ்வு. தை பிறக்கையில் இலை விளிம்பு தீயத் தொடங்கியது. கீழே கிடந்த உப்பு கரம்பையிலும் மெல்ல ஏறியது. பிஞ்சு கறுத்து உதிர்ந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். மேல்வேர் வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே, கோடு கிழித்த மாதிரி ஓரிடத்திலிருந்து, வேர் பழுப்பேறிப் பொசுங்கியிருந்தது. அய்யா வெட்டி மோந்து பார்த்த மண் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது. அந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு மறுபரிசோதனை கேட்டு மூன்று மனுக் கொடுத்துவிட்டாள். அவளே போய் எழுதி வாங்கிக் கொடுத்த மனுக்கள். ஆள் வரும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்கள். செத்த மிளகாய்ச் செடிகளை அவள் பிடுங்கவில்லை, வரப்பைச் செதுக்கவில்லை. உமரி மறுபடி வந்துவிட்டது. பங்குனி வெயிலில் கரம்பை வெடித்து, வெடிப்பு வழியே வெள்ளை பூத்துக் கிடக்கிறது. காலையில் போய் அதைத் தொடாமல் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

மண் எடுக்கத்தான் இதுவரைக்கும் யாரும் வரவில்லை.